அரச வேலையா, தனியார் வேலையா? நேர்முகப் பரீட்சைக்குப் போகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகளின் அடியில் ஒரே பயம்தான் இருக்கிறது: எடுக்கிற வேலை நாளைக்கும் இருக்குமா? அந்தப் பயம் நியாயமானது. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்க நேர்முகத்துக்கும் போங்கள். வேலையின் உறுதியை நியமனக் கடிதத்தை வாசித்து அளந்து பாருங்கள். வெறும் காத்திருப்பில் மட்டும் வயதைக் கரைக்காதீர்கள்.

"கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அது இன்றைக்கும் சரிதானா?

பாதி சரி. அம்மா அப்பா ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். போர்க் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயலும் போய், கடையும் போய், போக்குவரத்தும் இல்லாமல் கிடந்த நாட்களிலும் ஆசிரியருக்கும் கிராம சேவையாளருக்கும் மாதச் சம்பளம் வந்தது. அந்த ஒரு சம்பளத்தில் நாலைந்து வீடுகள் சாப்பிட்ட ஊர்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் அதேதான். கல்லடியிலும் கல்முனையிலும் கடையையும் படகையும் இழந்தவர்கள் கையை நீட்டி நின்றபோது, அரச உத்தியோகத்தருக்கு மாத முடிவில் வங்கிக்குக் காசு வந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் சொல்லும் சொல்லைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் 'கோர்ணமேந்து' என்ற பெயர் இருந்தாலே வேலை நிலைக்கும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே எதிர்ச் சாட்சி இருக்கிறது. வாழைச்சேனைக் காகித ஆலை 1950களில் தொடங்கிய அரச ஆலை. அந்த ஆலையில் வேலை என்றால் அந்தக் காலத்தில் ஊரில் தனி மதிப்பு. இயந்திரங்கள் பழசாகி, நட்டம் ஏறி, உற்பத்தி படிப்படியாக நின்றபோது அதை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அம்பாறையில் கல்லோயாத் திட்டத்தோடு வந்த ஹிங்குராணைச் சீனி ஆலையும் 1990களில் மூடப்பட்டது. பல வருடங்கள் கழித்து அரசும் தனியாரும் சேர்ந்த கம்பனியாகத்தான் அது மீண்டும் எழும்பியது. ஆக, அரசாங்கத் திணைக்களம் வேறு, அரசாங்கம் நடத்துகிற ஆலையோ கூட்டுத்தாபனமோ வேறு. பழமொழி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது அரச சம்பளம் நிற்கவில்லை. ஆனால் அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. சம்பளம் வந்தது, வாங்கிய சாமான் பாதியானது. வேலை போகாமல் இருப்பதும் வாழ்க்கை குறையாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த வருடம் எல்லோருக்கும் காட்டிவிட்டது.

அரச வேலை என்றால் எல்லாம் ஒரே மாதிரித்தானே?

இல்லை. இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உறுதி கூடியது, மத்திய அரசின் திணைக்களங்களிலும் மாகாண சபையின் கீழுள்ள அலுவலகங்கள், பாடசாலைகள், ஆஸ்பத்திரிகளிலும் அரசாங்க சேவை ஆணைக்குழு அல்லது கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு வழியாக வருகிற நிரந்தர நியமனம். இவர்களை வேலையிலிருந்து எடுப்பதென்றால் தாபனக் கோவைப்படி (அரச ஊழியருக்கான விதித் தொகுப்பு) குற்றப்பத்திரம், விசாரணை, மேன்முறையீடு என்று நீண்ட வழி இருக்கிறது. ஒரு அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது என்பதற்காக வேலை போகாது.

அடுத்தது கூட்டுத்தாபனங்கள், சபைகள், அரச வங்கிகள். சம்பளமும் சலுகையும் பல இடங்களில் திணைக்களத்தைவிட நல்லது. ஆனால் பெரும்பாலான சபைகளில் அரச ஓய்வூதியம் கிடையாது, ஊழியர் சேமலாப நிதிதான் (ஈ.பி.எப்). நிறுவனத்தின் அமைப்பையும் அரசாங்கம் மாற்றலாம். மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு 2024 இல் சட்டம் வந்தது. 1990களில் தொலைத்தொடர்புத் துறையிலும் இது நடந்தது. வேலை உடனே போய்விடும் என்று இதற்கு அர்த்தமில்லை. வேலை கொடுப்பவர் யார் என்பது இடையில் மாறலாம், அவ்வளவுதான்.

பிறகு ஒப்பந்த அடிப்படை, தற்காலிகம், அமைய அடிப்படை (தேவைப்படும்போது மட்டும் எடுப்பது), பயிற்சி அடிப்படை. பிரதேச செயலகத்தில் மேசை இருக்கும், கையொப்பமிட வரவுப் பதிவேடு இருக்கும், ஊர் முழுக்க "பிள்ளைக்குக் கச்சேரியில் வேலை" என்று சொல்லும். கடிதத்திலோ முடிகிற திகதி போட்டிருக்கும். வெளிநாட்டு உதவியில் நடக்கும் திட்டங்களின் வேலையும் இதே வகைதான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கையில் வருடக்கணக்காக இருந்து, கடைசியில் நிரந்தரமானவர்களும் உண்டு, வயது கடந்து வெளியே வந்தவர்களும் உண்டு. நம்பிக்கையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கடைசியாக, அரச கட்டடத்துக்குள் இருக்கிற தனியார் வேலை. ஆஸ்பத்திரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் காவல், துப்புரவு வேலைகளை ஆள்வழங்கும் கம்பனிகள் எடுத்துச் செய்கின்றன. அதில் சேர்ந்தால் உங்கள் முதலாளி அந்தக் கம்பனிதான். ஒப்பந்தம் வேறு கம்பனிக்குப் போனால் உங்கள் வேலை எங்கே போகும் என்பதைச் சேர முதலே கேட்டுவிடுங்கள்.

வர்த்தமானியிலும் நியமனக் கடிதத்திலும் எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும்?

"நிரந்தரமானது, ஓய்வூதிய உரித்துடையது" என்ற வரியை. வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானி அறிவித்தலில் சேவை நிபந்தனைகள் என்ற பகுதிக்குக் கீழே அது இருக்கும். அந்த இரண்டு பகுதியில் ஒன்று குறைந்தாலும் நின்று யோசியுங்கள்.

ஓய்வூதியம் பற்றி ஒரு விடயம். 2016 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதிய முறை (ஊழியரும் காசு கட்டுகிற முறை) கொண்டுவரப்படும் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு வந்த கடிதங்களில் ஓய்வூதிய வாசகமே வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. அண்ணனுடைய கடிதத்தில் இருந்ததே உங்களுடையதிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. விளங்காவிட்டால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.

நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டால் பிறகு பயமில்லையா?

முதல் மூன்று வருடம் தகுதிகாண் காலம், அதாவது வேலையில் உறுதிப்படுத்த முதல் உங்களைப் பார்க்கும் காலம். அதற்குள் முதலாவது வினைத்திறன் காண் தடைப் பரீட்சையைச் சித்தியடைய வேண்டும். எங்களுடைய பிள்ளைகள் அதிகம் தடுக்குவது சிங்களத்தில். தமிழில் சேவைக்கு வந்தவர் குறித்த காலத்துக்குள் இரண்டாம் மொழித் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். தவறினால் சம்பள ஏற்றமும் பதவி உறுதியும் தாமதமாகும். அரசகரும மொழிகள் திணைக்களம் பரீட்சைகளை நடத்துகிறது. நியமனம் வரும் வரை வீட்டில் இருக்கிற நாட்களில் சிங்களம் படித்தால் அது தனியார் நேர்முகத்திலும் கைகொடுக்கும். அம்பாறை நகரத்தில் ஒரு வங்கிக் கிளையிலோ வாகன விற்பனை நிலையத்திலோ நேர்முகத்துக்கு இருந்து பாருங்கள், இரண்டு மொழி பேசுகிறவருக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியும்.

தனியார் கம்பனி என்றால் நாளைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லலாம்தானே?

அப்படிச் செய்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பகுதிகளில் இந்தச் சட்டம் தெரியாத காரணத்தாலேயே எத்தனையோ பேர் ஒரு சொல்லும் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க ஊழியர் சேவை முடிவுறுத்தல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், கடந்த 12 மாதத்துக்குள் நீங்கள் 180 நாட்களாவது வேலை செய்திருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்துவதற்கு உங்கள் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். வியாபாரம் குறைந்துவிட்டது, கிளையை மூடுகிறோம் என்பதெல்லாம் இதற்குள் வரும். அனுமதி கொடுக்கும்போது ஆணையாளர் நட்டஈட்டையும் தீர்மானிப்பார். அது சேவை வருடங்களைப் பொறுத்தது. அதன் உச்சத்தை 2021 இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள்.

இதிலிருந்து மூன்று எச்சரிக்கை. முதலாவது, 180 நாள் ஆகவிடாமல் ஐந்து மாதத்தில் நிறுத்தி, சில நாள் கழித்துப் புதிய கடிதத்தோடு திரும்ப எடுக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி ஒரு இடம் என்று தெரிந்தால் அந்த வேலையில் பாதுகாப்பு இல்லை என்றே எடுங்கள். இரண்டாவது, பதினைந்து பேருக்குக் குறைவான கடை, சிறிய அலுவலகம், தனியார் வகுப்பு நிலையம் போன்றவை இந்தச் சட்டத்துக்குள் வராது. மூன்றாவதுதான் முக்கியமானது: "நீங்களாகவே விலகுவதாக ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், நற்சான்றிதழ் நல்லதாகத் தருகிறோம்" என்று சொன்னால், அந்த மேசையில் வைத்து எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தக் கடிதம்தான் உங்கள் சம்மதம். கையொப்பம் வைத்த பிறகு சட்டம் உங்களுக்காகப் பேசுவது கடினம். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

வேலையிலிருந்து அநியாயமாக நிறுத்திவிட்டால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்கள் குறைவான சிறிய இடத்தில் வேலை செய்தவரும் போகலாம். "சமாதானமாகப் பேசித் தீர்ப்போம்" என்று இழுத்தடித்து அந்த ஆறு மாதத்தையும் கடக்க விட்டவர்கள் நிறையப் பேர். பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் திகதியை மறக்க வேண்டாம்.

தனியாரில் ஓய்வூதியம் இல்லையே. வயதான பிறகு என்ன செய்வது?

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம் கட்ட வேண்டும். அது உங்கள் சம்பளத்தில் கழியாது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு, தகுதிகாண் காலம் ஒரு சாட்டு ஆகாது.

கணக்குப் போட்டால் விளங்கும். சம்பளம் 60,000 ரூபா என்றால் சேமலாப நிதிக்கு மாதம் 4,800 உம் 7,200 உம் சேர்ந்து 12,000 போகும். நம்பிக்கை நிதிக்கு 1,800. பத்து வருடத்தில், சம்பள உயர்வும் வட்டியும் இல்லாமலே சேமலாப நிதியில் 14 இலட்சத்து 40 ஆயிரம். அதோடு, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தால் 15 பேருக்குக் குறையாத நிறுவனம் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை தர வேண்டும். பத்து வருடத்துக்கு அது 3 இலட்சம்.

சிக்கல் என்னவென்றால், சில முதலாளிகள் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி மிச்சத்தைப் படி, ஊக்குவிப்பு என்று கொடுப்பார்கள். கைக்கு வரும் காசு ஒன்றுதான், ஆனால் நிதிக்குப் போவது குறையும். 60,000 இல் 30,000 தான் அடிப்படை என்று காட்டி அதற்கு மட்டும் கட்டினால் மேலே சொன்ன 14 இலட்சம் 7 இலட்சமாகிவிடும். சம்பளத்தைக் கேட்கும்போதே "இதில் எவ்வளவுக்கு ஈ.பி.எப் கட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு மாதாமாதம் சம்பளச் சிட்டையை எடுத்து வையுங்கள். கழித்த காசு உண்மையில் கட்டப்பட்டதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். கட்டவில்லையென்றால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம், அதற்குச் செலவு இல்லை.

ஓய்வூதியத்தின் பெரிய பலம், உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் வருவதும், அதன் பிறகு கணவன் அல்லது மனைவிக்கும் வருவதும். சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வரும். மொத்தமாக வந்த காசு வீடு, சீதனம், வாகனம் என்று ஒரு வருடத்தில் முடிந்த கதைகள் எங்கள் ஊர்களில் அதிகம். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

சம்பளத்தில் எது கூட?

தொடக்கத்தில் இப்போது அரசு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆகக் கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் 17,800 ரூபா வாழ்க்கைச் செலவுப் படி. தனியார் துறையின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. ஆனால் கணக்கியல், கணினி, விற்பனை போன்ற துறைகளில் ஐந்தாறு வருடம் நன்றாக வேலை செய்தவர் தனியாரில் முன்னுக்குப் போய்விடுவார். சாதாரண தரத்தோடு நிற்பவருக்கு அரச சம்பளமே மேல்.

ஒரு தனியார் நிறுவனம் நிலைக்குமா என்று வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது?

நிறுவனத்தின் பெயர்ப்பலகையைவிட, காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் ஹோட்டல் வேலை என்றால் சுற்றுலாப் பயணிதான் சம்பளம். அறுகம்பேயில் வருமானம் வருவது அலை நன்றாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில். மிச்ச மாதங்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு அறைகள் வெறுமையாகின. தலை தூக்க முதல் கொரோனா வந்தது. 2020 இல் வேலைக்கு அழைக்க முடியாத தனியார் ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் கூடியதைக் கொடுப்பது என்று முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அரசும் உடன்பட்டன. அந்தக் காசில் குடும்பம் நடத்தியவர்களுக்கு, எந்தத் தொழில் எந்தக் காற்றுக்கு ஆடும் என்பது நன்றாகத் தெரியும்.

தொண்டு நிறுவன வேலை எங்கள் மாவட்டங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. சுனாமிக்குப் பிறகும் போர் முடிந்த பிறகும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தெருவுக்குத் தெரு அலுவலகம் இருந்தது. நல்ல சம்பளம், நல்ல பயிற்சி, ஆங்கிலமும் அறிக்கை எழுதுவதும் பழகலாம். நன்கொடை குறைந்ததும் ஒவ்வொன்றாக மூடிப் போய்விட்டார்கள். இந்த வேலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். திட்டம் எந்த மாதம் முடிகிறது என்று தெரிந்துகொண்டு, முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்கினால் போதும்.

வங்கி, காப்புறுதி, லீசிங் கம்பனிகளில் கிளை நிற்கும், ஆனால் விற்பனை இலக்கு உங்களைத் துரத்தும். இலக்கை எட்டாதவர் தானாகவே விலகும் நிலை வரும். கடன் அறவிடுகிற வேலை என்றால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள். கொக்கட்டிச்சோலைக்கும் வாகரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய், வயல் அழிந்த வீட்டின் வாசலில் நிற்க வேண்டிவரும். எல்லோருடைய மனதும் அதற்கு இடம் கொடுக்காது. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளில் கணக்கு, தரப் பரிசோதனை வேலைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. பெரும்பாலும் குடும்ப வியாபாரங்கள் என்பதால் கடிதம், ஈ.பி.எப் இரண்டையும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு சுலபமான வழி: அங்கே ஏற்கனவே வேலை செய்து விலகிய ஒருவரைத் தேடிப் பேசுங்கள். எங்கள் ஊரில் இரண்டு பேரைக் கேட்டால் மூன்றாவது ஆள் தெரிந்தவராக இருப்பார். சம்பளம் எத்தனையாம் திகதி வரும், விலகும்போது பாக்கியை ஒழுங்காகத் தந்தார்களா என்ற இரண்டு கேள்வி போதும்.

நேர்முகத்தில் வேலைப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் பிழையாக நினைப்பார்களா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. தனியார் நேர்முகத்தின் கடைசியில் "உங்களுக்கு ஏதும் கேட்க இருக்கிறதா?" என்பார்கள். அப்போது "தகுதிகாண் காலம் எவ்வளவு, அது முடிந்ததும் உறுதிப்படுத்தும் கடிதம் தருவீர்களா?", "இந்தப் பதவியில் எனக்கு முதல் இருந்தவர் இப்போது எங்கே?", "எந்த இடத்தில் வேலை, வேறு கிளைக்கு மாற்றுவீர்களா?" என்று கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் நிறையச் சொல்லும். அவர் பதவி உயர்ந்தார் என்றால் நல்லது. ஒரு வருடத்தில் மூன்று பேர் மாறியிருந்தால் காரணம் இருக்கும். சம்பளத்தையும் விடுமுறையையும் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்காதீர்கள்.

அரச நேர்முகத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. அங்கே பல பதவிகளுக்குப் புள்ளித் திட்டம் வைத்து, சான்றிதழ்களைச் சரிபார்த்துப் புள்ளி போடுவார்கள். உங்களுக்குத் தேவையான பதில்கள் வர்த்தமானியில் ஏற்கனவே இருக்கின்றன. மூலப் பிரதி ஒன்று குறைந்து திரும்பி வந்தால்தான் அங்கே இழப்பு.

அரச நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்தேன். முடிவு எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை தனியாரில் சேரலாமா?

ஓம், சேருங்கள். இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு அரச நியமனம் வெற்றிடம், திறைசேரி அனுமதி, பரீட்சை, நேர்முகம், ஆணைக்குழு என்று பல கதவு தாண்டி வருகிறது. இடையில் தேர்தல் வந்தால் நிற்கும், ஆட்சேர்ப்பை நிறுத்தச் சுற்றறிக்கை வந்தால் நிற்கும். 2017 இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வெயிலில் இருந்து சத்தியாக்கிரகம் செய்ததை மறக்க முடியாது. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. படிக்க வைத்த நாடு வேலைக்கு வழி செய்ய வேண்டும் என்று கேட்பதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் காத்திருப்பில் போன வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை. 25 வயதில் பட்டம் வாங்கி, 31 வயது வரை வீட்டில் இருந்த பிள்ளைக்குக் கடைசியில் அரச வேலை கிடைக்காவிட்டால், தனியார் நேர்முகத்தில் "இந்த ஆறு வருடமும் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பில்லாத நிலை அதுதான்.

தனியாரில் சேர்வதால் அரச வாய்ப்புப் போகாது. அங்கே கட்டிய சேமலாப நிதியும் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சி தருகிறோம் என்று இரண்டு மூன்று வருடப் பிணை ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்பார்கள். இடையில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும், விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒரு மாத முன்னறிவித்தல் என்றால் அரச நியமனம் வரும்போது சமாளிக்கலாம். பெரிய தொகைக்குப் பிணை என்றால் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

வயதெல்லையையும் எழுதி வையுங்கள். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு 22 முதல் 28 வயது, முகாமைத்துவ சேவைக்கு 18 முதல் 30. எந்தக் கதவு எப்போது மூடும் என்று தெரிந்தால் எதற்கு முதலில் படிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பெண் பிள்ளை. தூரத்து இடமாற்றம் வந்தால் என்ன செய்வது?

முதல் நியமனம் வாகரைக்கோ பொத்துவிலுக்கோ, இன்னும் தள்ளி வேறு மாகாணத்துக்கோ வரலாம். அதை ஏற்றுக்கொண்டுதான் அரச கடிதத்தில் கையொப்பமிடுகிறோம். ஆனால் அரச இடமாற்றத்துக்கு முறை இருக்கிறது, குறித்த வருடம் முடிந்ததும் கேட்கலாம். கிழக்கு மாகாண சபையின் கீழ் வரும் வேலை என்றால் பெரும்பாலும் மூன்று மாவட்டத்துக்குள் முடிந்துவிடும். வீட்டோடு இருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் மாகாண வெற்றிடங்களுக்கு முன்னுரிமை கொடுப்பது நல்லது.

தனியாரில் ஊருக்குள்ளேயே வேலை கிடைக்கலாம். ஆனால் எத்தனை மணிக்கு முடியும், அந்த நேரத்துக்குக் களுவாஞ்சிகுடிக்கோ திருக்கோவிலுக்கோ பஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவ விடுமுறை இரண்டு பக்கமும் சம்பளத்தோடு 84 நாள். அரச சேவையில் அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாளும் சம்பளமில்லாமல் 84 நாளும் எடுக்க முடியும். சின்னக் குழந்தையோடு வேலையைத் தக்க வைப்பதில் அரச சேவைக்கு நிகர் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு வேலையை விட வேண்டிய நிலை பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அதனால் அவர்களுக்கு இந்த வித்தியாசம் ஆண்களைவிடப் பெரியது.

கலியாணப் பேச்சில் அரச மாப்பிள்ளைதான் வேண்டும் என்கிறார்கள்.

கேட்பவர்களிடம் சம்பளச் சிட்டையையும் ஈ.பி.எப் கணக்கையும் காட்டுங்கள். ஒப்பந்த அடிப்படை அரச வேலையைவிட, ஏழு வருடம் நிரந்தரமாக இருக்கிற தனியார் வேலை உறுதியானது என்பதைப் பெரியவர்களும் இப்போது விளங்கிக்கொள்கிறார்கள். ஆனால் இதற்காக மட்டும் பிடிக்காத வேலைக்குள் போய் முப்பது வருடம் இருக்க வேண்டாம்.

அரச வேலையில் சேர்ந்துவிட்டு வெளிநாடு போகலாமா?

2022 நெருக்கடியின்போது அரச உத்தியோகத்தர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போகச் சுற்றறிக்கை வந்தது. இது சுற்றறிக்கையில் தங்கியிருக்கிற சலுகை, மாறக்கூடியது. அதை நம்பி வேலையைத் தெரிவு செய்ய வேண்டாம். அனுமதியில்லாமல் போனால் பதவியை விட்டு விலகியதாக எடுத்துக்கொள்வார்கள்.

காசு கொடுத்தால் நியமனம் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். பெரிய இடத்துத் தொடர்பு இருக்கிறதாம்.

கொடுக்காதீர்கள். காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்தவர்களின் காசு போனதுதான் மிச்சம். அப்படியே ஒரு கடிதம் வந்தாலும், அது போலி என்றோ முறைகேடு என்றோ வெளிப்படுகிற நாளில் வேலையும் போய் வழக்கும் வரும். கொடுப்பதும் குற்றம்தான். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

தனியாரிலும், வேலைக்கு எடுப்பதற்குப் பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று முதலில் காசு கேட்கும் இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

இரண்டு நேர்முகமும் ஒரே நாளில் வந்துவிட்டது. எதற்குப் போவது?

அரச நேர்முகத் திகதி பொதுவாக மாறாது. அன்றைக்குப் போகாவிட்டால் அந்த வாய்ப்பு அத்தோடு முடிந்தது என்றே எடுக்க வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு உடனே தொலைபேசி எடுத்து, அன்று தவிர்க்க முடியாத ஒரு நேர்முகம் இருக்கிறது, முந்திய நாளோ அடுத்த நாளோ வரலாமா என்று கேளுங்கள். உண்மையைச் சொல்வதால் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். பலர் நேரத்தை மாற்றித் தருவார்கள், சிலர் இணையவழியில் பேசவும் ஒத்துக்கொள்வார்கள். ஒரு மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள், எழுத்தில் இருக்கட்டும்.

தனியார் இடத்தில் வேலை ஏறக்குறைய உறுதி, கடைசிச் சந்திப்பு மட்டும்தான் மிச்சம், அரச பதவியோ மூன்று மாத ஒப்பந்தம் என்றால் கணக்கு மாறும். அப்போது தனியாருக்கே போங்கள். அரச நேர்முகம் திருகோணமலையில் என்றால் முதல் நாள் பின்னேரமே வெளிக்கிடுங்கள். அக்கரைப்பற்றிலிருந்து விடியப் போய்ச் சேரலாம் என்று நம்பி, பஸ் பழுதாகி வாய்ப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மூலச் சான்றிதழ்களை ஒரு கோவையிலும், உறுதிப்படுத்திய பிரதிகளை இன்னொரு கோவையிலும் வையுங்கள். அடையாள அட்டையை இரவே பைக்குள் போட்டுவிடுங்கள்.